ஒன்றேமுக்கால் வயதுக் குழந்தைக்குக் கொண்டைக்கடலை: காரத்துக்கு முன்னால் பதம்

காட்பாடியில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. மகளுக்கு ஒன்றேமுக்கால் வயது நெருங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை பூரிக்கு வைக்கும் கொண்டைக்கடலைக் குருமாவைக் கண்டால் தட்டை நோக்கிக் கை நீட்டுகிறாள். மாமியார், அது வாயு, சின்ன வயிற்றுக்குச் செரிக்காது என்கிறார். கணவரோ, நாலு கடலையைத் தண்ணீரில் அலசிக் காரம் போக்கிக் கொடுத்தால் போயிற்று என்கிறார். குழந்தைக்கு ஏற்றபடி மிதமான மசாலாவில் இதைச் சமைப்பது எப்படி, எவ்வளவு கொடுக்கலாம் என்பதே அவர் அறிய விரும்புவது.

தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கேள்வி முழுவதும் காரத்தைச் சுற்றியே நிற்கிறது. இந்த வயதில் முதலில் கவலைப்பட வேண்டியது கடலையின் பதத்தைப் பற்றித்தான். காரம் சற்றுக் கூடிவிட்டால் குழந்தை அழும், மூக்கு ஒழுகும், கொஞ்சம் தயிர் கொடுத்தால் அடங்கிவிடும். பாதி வெந்த முழுக் கடலை ஒன்று மூச்சுக்குழாயில் இறங்கினால் அது வேறு விஷயம். கணவர் சொல்லும் வழியில் இரண்டு பிழைகளும் சேர்ந்திருக்கின்றன. மிளகாயின் காரத்தைத் தரும் பொருள் எண்ணெயில் கரைவதே அன்றித் தண்ணீரில் அவ்வளவாகக் கரைவதில்லை என்பதால், குருமாவின் எண்ணெய் ஊறிய கடலையை எத்தனை முறை அலசினாலும் காரம் முழுதாகப் போகாது. மசாலாவின் மணமும் உப்பும்தான் போகும். அலசிய பிறகும் கையில் மிஞ்சுவது வழுவழுப்பான, உருண்டையான, குழந்தையின் தொண்டையை அடைக்கத் தக்க அளவுள்ள ஒரு முழுக் கடலை.

பால்பற்களின் கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். முதல் கடைவாய்ப் பற்கள் ஏறத்தாழ 13 முதல் 19 மாதங்களுக்குள் முளைக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் உள்ள இரண்டாம் கடைவாய்ப் பற்கள் வர 23 முதல் 33 மாதங்கள் வரை ஆகும். ஆகவே இந்தக் குழந்தைக்குக் கடிக்கத் தெரியும், அரைத்து மெல்ல இன்னும் வராது. முன்பல்லால் கடித்த கடலை இரண்டாகப் பிளந்து, தோல் ஒருபுறம் பருப்பு ஒருபுறமாக, மெல்லப்படாமலேயே உள்ளே போகும். அதனால் இரண்டரை வயது வரை நன்றாக மசித்தும், அதற்குப் பிறகு ஒவ்வொரு கடலையையும் விரலால் தட்டையாக நசுக்கியும் கொடுப்பதே சரி. முழுக் கடலை என்பது நான்கு வயதை ஒட்டி, உட்கார்ந்து நிதானமாக மென்று தின்னும் பழக்கம் வந்த பிறகு யோசிக்க வேண்டியது. மசித்ததாக இருந்தாலும் குழந்தையை உட்கார வைத்தே ஊட்ட வேண்டும். ஓடிப் பிடித்து ஊட்டுவதும், சிரிக்க வைத்துக்கொண்டே ஊட்டுவதும் இந்த உணவுக்கு ஆகாது.

இனிச் சமையலுக்கு வருவோம். வெள்ளைக் கடலையில் தொடங்குவது நல்லது; கறுப்புக் கடலையின் தோல் தடித்தது, குழையவும் நேரமாகும். அரைக் கோப்பை, அதாவது சுமார் 100 கிராம் கடலை எடுத்துக்கொண்டால், வெந்ததும் இரு மடங்குக்கு மேல் பெருகி, குழந்தைக்கும் வீட்டில் இருவருக்கும் போதுமானதாக இருக்கும். கடையில் வாங்கும்போது நிறம் மங்கிச் சுருங்கிக் கிடப்பதைத் தவிர்க்க வேண்டும். வெக்கையிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பழைய கடலை எத்தனை விசில் விட்டாலும் நடுவில் ஒரு கடினமான கரு வைத்துக்கொண்டே இருக்கும். பெரியவர்கள் அதை மென்று தள்ளிவிடலாம், குழந்தைக்கு அது உதவாது.

வேலூர்ப் பக்கத்தில் கடலை வேகாததற்கு இதைவிடப் பெரிய காரணம் தண்ணீர். பாலாற்றுப் படுகையை ஒட்டிய ஊர்களில் போர்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்க்காத வீடு குறைவு. அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் கடலையின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டினோடு சேர்ந்து அதை மேலும் இறுக்கிவிடுகின்றன. குக்கர் புதிது, கேஸ்கெட் சரியாக இருக்கிறது, கடலையும் புதிது, ஆனாலும் வேகவில்லை என்று குறைப்படுகிறவர்கள் முதலில் தண்ணீரை மாற்றிப் பார்க்க வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அதைப் பிடித்து வைத்து ஊறவைக்கவும் வேகவைக்கவும் பயன்படுத்தலாம். இல்லாதவர்கள் குடிப்பதற்கு வாங்கும் கேன் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ இதற்கு ஒன்றரை லிட்டர் ஒதுக்குவதில் நட்டமில்லை. கழுவுவதற்கு மட்டும் போர்த் தண்ணீர் போதும்.

ஊறவைக்கும் நேரம் எட்டு முதல் பத்து மணி நேரம். கத்திரி வெயில் காலத்தில், 40 பாகையைத் தாண்டும் நாட்களில், இரவு முழுவதும் அடுப்பங்கரையிலேயே விட்டால் விடியும்போது நுரைத்துப் புளித்த வாடை வந்துவிடும். அப்போது குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஊறவைக்க வேண்டும், அல்லது நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். ஊறும் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டால் தோல் இளகும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கடலையை நன்றாக அலசிவிட வேண்டும். ஆப்ப சோடா போட்டால் சீக்கிரம் வேகும் என்பது உண்மைதான். ஆனால் சோடா பி1 வைட்டமினை அழிக்கும், சோடியத்தைக் கூட்டும், அளவு மிஞ்சினால் சோப்பு போன்ற ஒரு சுவையும் வரும். பத்து மணி நேரம் ஊறவைக்கும் பொறுமை இருக்கும் வீட்டில் குழந்தையின் உணவுக்கு அது தேவையில்லை.

ஊறிய கடலைக்கு மேல் இரண்டு விரல்கடை நிற்கும்படி நல்ல தண்ணீர் ஊற்றி, உப்பும் புளிப்பும் சேர்க்காமல், ஒரு சிட்டிகை மஞ்சள் தூளும் நசுக்கிய சிறு துண்டு இஞ்சியும் மட்டும் போட்டுக் குக்கரை மூட வேண்டும். பெரிய தீயில் ஐந்து விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி இருபது நிமிடம் விட்டு, ஆவி தானாக அடங்கிய பிறகே திறக்க வேண்டும். பெரியவர்களுக்கு எடுக்கும் பதத்துக்கு மேலே இன்னும் ஒரு படி குழைய விடுவது இது. தக்காளியைக் கடலையோடு சேர்த்துக் குக்கரில் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. புளிப்பு கடலையை வேகவிடாமல் தடுக்கும் என்பதால் இங்கே அதை ஒதுக்க வேண்டும். பதம் பார்க்க ஒரு கடலையை எடுத்து நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். பல் படாமலே மாவாகக் கரைந்தால் அதுவே குழந்தைக்கான பதம். கட்டைவிரலால் நசுக்கிப் பார்ப்பது போதாது, விரலுக்கு இருக்கும் பலம் குழந்தையின் ஈறுக்குக் கிடையாது. வெந்த தண்ணீரைக் கொட்டக் கூடாது. அதில் சத்தும் உண்டு, குருமாவுக்குக் கொழகொழப்பும் அதிலிருந்துதான் வரும்.

குழந்தைக்கென்று இரண்டு கைப்பிடி கடலையை எடுத்து அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு மெதுவாகக் கசக்கினால் தோல் பிரிந்து மேலே வந்துவிடும். முதல் சில முறை தோலை நீக்கிக் கொடுப்பது நல்லது. இரண்டு வயதுக்கு மேல், வயிறு பழகிய பிறகு, தோலோடு சேர்த்து மசிக்கலாம். தோலில் நார்ச்சத்து நிறையவே இருக்கிறது. மறுநாள் மலத்தில் தோல் துணுக்குகள் தெரிந்தால் பதற வேண்டாம், அதனாலேயே செரிக்கவில்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம்.

மசாலா என்றதும் பலர் குழந்தைக்கு ஒன்றுமே போடக் கூடாது என்று நினைத்து, மஞ்சளும் உப்பும் போட்ட வெறும் மசியலைக் கொடுக்கிறார்கள். குழந்தை இரண்டாம் வாய்க்கே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காரம் வேறு, மணம் வேறு; நீக்க வேண்டியது மிளகாயை மட்டும்தான். சீரகம், தனியா, சோம்பு, பெருங்காயம், கறிவேப்பிலை, சிறு துண்டுப் பட்டை ஆகிய எதுவும் ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு அளவோடு கொடுக்கத் தகாதது அல்ல. வீட்டுச் சமையலின் மணம் இந்த வயதில் பழகினால் பிறகு குழந்தைக்குத் தனிச் சமையல் என்ற சுமையும் இருக்காது. மிளகும் காரம்தான், அதை இரண்டு வயதுக்குப் பிறகு, தூளாக ஒரு சிட்டிகையில் தொடங்கலாம். கடையில் வாங்கும் சன்னா மசாலாப் பொடியில் மிளகாயும் உப்பும் கலந்தே வருவதால் அது குழந்தையின் பங்குக்கு வேண்டாம். ஒரு தேக்கரண்டி தனியா, அரைத் தேக்கரண்டி சீரகம், கால் தேக்கரண்டி சோம்பு ஆகியவற்றை வாசம் வரும் வரை வெறும் வாணலியில் வறுத்து நைசாகப் பொடித்துக்கொண்டால் இரண்டு மூன்று முறைக்கு வரும். மஞ்சளைக் கிழங்காக வாங்கி மில்லில் அரைத்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பளீரென்ற நிறத்துக்காக மஞ்சள் தூளில் ஈயக் குரோமேட் கலக்கும் கலப்படம் நம் நாட்டிலும் கண்டறியப்பட்டிருக்கிறது, ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

வாணலியில் ஒரு மேசைக்கரண்டி மணிலாக்கொட்டை (வேர்க்கடலை) எண்ணெய் விட்டு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஏழெட்டையும் இரண்டு பல் பூண்டையும் நிறம் மாறி இனிப்பு ஏறும் வரை சிறு தீயில் வதக்க வேண்டும். அவசரப்பட்டால் வெங்காயத்தின் காரல் அப்படியே நிற்கும். மிளகாய் இல்லாத சமையலில் இந்த இனிப்புதான் சுவைக்கு அடித்தளம். பிறகு தோலுரித்து விதை நீக்கிய தக்காளி ஒன்றைச் சேர்த்து முழுதாகக் கரையவிட்டு, வறுத்த பொடியில் முக்கால் தேக்கரண்டி போட்டு, ஒரு நிமிடம் கழித்து வெந்த கடலையை அதன் தண்ணீரோடு ஊற்ற வேண்டும். கடலையில் கால் பங்கை முன்பே மத்தால் கடைந்து சேர்த்தால் குழம்பு தானாகக் கெட்டியாகும், பொட்டுக்கடலை அரைத்து விட வேண்டியதில்லை. இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலைக் கறிவேப்பிலை நான்கு இலையோடு விழுதாக அரைத்துச் சேர்த்து, பத்து நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டால் குழந்தைக்கான குருமா தயார். கறிவேப்பிலையை முழு இலையாகத் தாளித்துப் போட வேண்டாம், அதுவும் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். பட்டை, கிராம்பு போட்டிருந்தால் ஊட்டுவதற்கு முன் எண்ணி எடுத்துவிட வேண்டும்.

இந்த இடத்தில்தான் குழந்தையின் பங்கைப் பிரித்து எடுக்க வேண்டும். உப்புப் போடுவதற்கு முன்னால் இரண்டு கரண்டி குழம்பை எடுத்து, தோல் நீக்கி வைத்த கடலையை அதில் சேர்த்து, உப்பு மிகச் சிறிய சிட்டிகை போட்டால் போதும். ஒன்று முதல் மூன்று வயது வரை ஒரு நாளுக்கு மொத்தம் 2 கிராம் உப்புக்கு மேல் கூடாது என்பது பிரிட்டன் அரசு மருத்துவத் துறையின் வரையறை. அது ஒரு தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்கு, இட்லியிலும் சோற்றிலும் பிஸ்கட்டிலும் போவது உட்பட. வாணலியில் மிஞ்சியிருப்பதற்குத் தனியாக எண்ணெய் காயவைத்து, கீறிய பச்சை மிளகாயும் மிளகாய்த் தூளும் தாளித்து, உப்பும் கரம் மசாலாவும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் அது வீட்டுக்கான பூரிக் குருமா. ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்து முஸ்லிம் வீடுகளில் குருமாவுக்குப் பட்டையும் ஏலமும் தூக்கலாகப் போடுவார்கள். அந்தக் கைப்பக்குவத்துக்குப் பழகிய குடும்பம் அதே மணத்தைக் குழந்தையின் பங்கிலும் சிறு அளவில் வைத்துக்கொள்ளலாம், மிளகாயை மட்டும் பிரித்த பிறகு போட்டால் சரி.

குழந்தையின் பங்கை மத்தாலோ கரண்டியின் பின்புறத்தாலோ மசித்து, ஒரு தேக்கரண்டி நெய் விட்டு, குழைந்த சோற்றோடு கலக்கலாம். மசியல் வறண்டு மாவு போல் இருந்தால் குழந்தை விழுங்கத் திணறும் என்பதால், வெந்த தண்ணீர் விட்டு இட்லி மாவுப் பதத்துக்குத் தளர்த்த வேண்டும். வட ஆர்க்காட்டு வீடுகளுக்குப் பழக்கமான கேழ்வரகுக் களியைச் சற்று இளக்கமாகக் கிண்டி இந்தக் குருமாவோடு ஊட்டுவது, என் கணக்கில், பூரியைவிட நல்ல துணை. ஜவ்வாது மலைச் சாமை கிடைக்கும் வீடுகளில் சாமைச் சோற்றைக் குழைய வடித்தும் கொடுக்கலாம். பூரி வேண்டும் என்று கை நீட்டினால் உப்பிய மெல்லிய பகுதியைக் குருமாவில் ஊறவைத்து ஒரு துண்டு கொடுத்தால் போதும். மொறுமொறு விளிம்பு வேண்டாம்.

எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு: முதல் நாள் ஒரு தேக்கரண்டி, பழகிய பிறகு ஒரு வேளைக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி மசியல், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை. வெந்த கடலை 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராம் புரதமும், 3 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாக இரும்புச்சத்தும் இருக்கின்றன. இந்த வயதுக்கு ஒரு நாள் இரும்புத் தேவை 8 மில்லிகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வகுத்திருப்பதோடு ஒப்பிட்டால், கடலை உதவும், ஆனால் தனியாகப் போதாது என்பது விளங்கும். தாவர உணவின் இரும்பை உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. இறக்கிய பிறகு நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு பிழிந்தாலோ, பின்னால் ஒரு துண்டு கொய்யாவை விதை நீக்கி மசித்துக் கொடுத்தாலோ அதிலுள்ள சி வைட்டமின் அதற்குத் துணை செய்யும். இதற்கு நேர் எதிரானது டீ. பெரியவர்கள் குடிக்கும்போது குழந்தைக்கும் டம்ளரில் கொஞ்சம் ஆற்றிக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. சாப்பாட்டோடு சேரும் டீ இரும்பை உடல் ஏற்காமல் தடுக்கும்.

மாமியார் சொல்லும் வாயு வெறும் பயம் அல்ல. கடலையில் உள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி நம் குடலில் இல்லை. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் அவற்றை நொதிக்கச் செய்யும்போது வாயு உண்டாகிறது. ஊறிய தண்ணீரைக் கொட்டுவதாலும் நன்றாக வேகவைப்பதாலும் இவை கணிசமாகக் குறையும். இஞ்சியும் பெருங்காயமும் சீரகமும் சேர்ப்பதும் வீடுகளில் வழிவழியாகச் செய்துவருவதே. மாலைக்குப் பதிலாகப் பகல் உணவில் கொடுத்தால் இரவுத் தூக்கம் கெடாது. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ இருக்கும் நாட்களில் கடலையை விட்டுவிட்டுக் கஞ்சியும் இட்லியுமாக இருக்கட்டும் என்பதில் மாமியாரோடு நானும் உடன்படுகிறேன்.

முதல் முறையைப் பகலில் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு ஒவ்வாமையும் ஒரு காரணம். இந்தியாவில் பருப்பு வகைகளில் ஒவ்வாமை ஏற்படுத்துவனவற்றுள் கொண்டைக்கடலை நன்கு அறியப்பட்டது. ஏற்கெனவே துவரையோ பட்டாணியோ சாப்பிட்டுத் தடிப்பு வந்த குழந்தையாக இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். ஊட்டிய இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், அடுத்தடுத்து வாந்தி தோன்றினால் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. தொண்டையில் அடைத்து இருமவும் அழவும் முடியாமல் போனால், குழந்தையை முன்புறம் சாய்த்து இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். அதிலும் வராவிட்டால், ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு, பின்னால் இருந்து அணைத்துத் தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்த வேண்டும். இரண்டையும் மாறி மாறிச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும்.

வீட்டில் இவ்வளவு கவனமாக இருப்பவர்களும் தவறவிடும் இடம் நவராத்திரி. கொலு பார்க்கப் போகும் வீட்டிலெல்லாம் ஒரு தொன்னைச் சுண்டல் கிடைக்கும், குழந்தையின் கையில் ஆசையாக நாலு கடலை வைப்பார்கள். சுண்டலுக்குக் கடலையை உடையாமல் முத்து முத்தாக எடுப்பதுதான் பக்குவம். அதே காரணத்தால் அது சிறு குழந்தைக்கு ஏற்றதல்ல. வேலூர்க் கோட்டைப் பக்கம் விற்கும் வண்டிச் சுண்டலுக்கும் இதுவே பொருந்தும். மறுக்கச் சங்கடமாக இருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து மிளகாயும் கடுகும் நீக்கி, மீண்டும் ஒருமுறை குக்கரில் குழைய வேகவிட்டு மசித்துக் கொடுக்கலாம்.

ஒவ்வொரு முறையும் குழந்தைக்காகக் கடலை ஊறப்போட வேண்டியதில்லை. மசாலா சேர்க்காமல் வேகவைத்துத் தோல் நீக்கி மசித்ததைச் சிறு கிண்ணங்களில் பிரித்து உறைநிலையில் வைத்தால் ஒரு மாதம் வரை எடுத்துப் பயன்படுத்தலாம். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் என்றால் இரண்டு நாள். கோடையில் சமைத்ததை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது, மின்சாரம் நெடுநேரம் போய் வந்த நாளில் பெட்டியில் இருந்ததையும் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். எடுத்த பங்கைத் தண்ணீர் சேர்த்துத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆற்றி ஊட்ட வேண்டும். எச்சில் கரண்டி பட்ட மிச்சத்தை மறுவேளைக்கு எடுத்து வைக்கக் கூடாது. வெள்ளைக் கடலை பழகி இரண்டு மாதம் ஆன பின்பு கறுப்புக் கடலைக்கு மாறலாம். அதற்கு ஊறும் நேரத்தைப் பன்னிரண்டு மணியாக்கி, சிறு தீயில் வைக்கும் நேரத்தில் பத்து நிமிடம் கூட்டி, மசித்ததை ஒருமுறை கண்ணறை அகன்ற வடிகட்டியில் தேய்த்து எடுத்தால் தடித்த தோல் மேலே தங்கிவிடும்.